கைக்குழந்தை அழுதால் துப்பாக்கி நிற்குமா?

2025 ஜூன் 7 – உப்புவெளி வாசகர் ஒருவரின் கேள்வி

‘சில்ட்ரன் ஒஃப் மென்’ படத்தை இப்போதுதான் பார்த்து முடித்தேன். பதினெட்டு ஆண்டுகளாக உலகில் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை என்ற கற்பனையை ஏற்றுக்கொண்டேன். ஏற்க முடியாதது ஒரே ஓர் இடம். அகதி முகாமில் இராணுவமும் கிளர்ச்சிக்காரரும் மாறி மாறிச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாடியிலிருந்து கைக்குழந்தையின் அழுகை கேட்கிறது. எல்லாத் துப்பாக்கியும் அடங்கிவிடுகிறது. சிப்பாய்கள் வழிவிடுகிறார்கள், சிலர் முழந்தாளிடுகிறார்கள். திருகோணமலையில் வளர்ந்த எவராவது இதை நம்புவாரா? வெள்ளைக்கார இயக்குநரின் பகற்கனவு என்பது என் முடிவு. மறுப்பவர் உண்டா?

ஜூன் 7, இரவு

நான் மறுக்கிறேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் மெக்சிக்கோக்காரர். கதை நடக்கும் இடம்தான் இங்கிலாந்து. பகற்கனவு என்றால் அது மெக்சிக்கோப் பகற்கனவு.

அடுத்தது, அந்தக் காட்சியை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள். படத்தின் நாயகன் தியோவும், பிள்ளையைப் பெற்ற அகதிப் பெண் கீயும் பிள்ளையோடு படியிறங்கி, சிப்பாய்களின் நடுவே நடந்து, வெளியே கொஞ்சத் தூரம் வருகிறார்கள். பின்னால் ஒரு வெடி. உடனே எல்லோரும் திரும்பிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சுடத் தொடங்குகிறார்கள். சற்று முன்பு முழந்தாளிட்டவனும்தான். அமைதி நீடித்தது ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த நாடு இது. 2006 ஓகஸ்டில் மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்த சத்தத்தை இரவிரவாகக் கேட்ட ஊர் இது. இங்கே இருந்துகொண்டு, நின்றதை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்கியதைப் பார்க்காமல் விடலாமா?

ஜூன் 8, காலை

படுத்த பிறகு யோசித்தேன். நேற்று எழுதியதில் கொஞ்சம் கெட்டித்தனம் காட்டிவிட்டேன். நீங்கள் கேட்டது ‘நிற்குமா’ என்று. நான் சொன்னது ‘நின்றாலும் தொடங்கும்’ என்று. கேள்வி அப்படியே கிடக்கிறது.

ஜூன் 8, மாலை

நான் யார், என்ன தொழில் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நகரத்தில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை நடத்துகிறேன். படத்தைப் பார்த்ததும் அங்கேதான். கடையைச் சாத்திவிட்டு, பாஸ்போட் படம் எடுக்கத் தொங்கவிட்டிருக்கும் வெள்ளைத் திரையில் புரொஜெக்டரைப் போட்டேன். கச்சான் காற்று கூரைத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. கையிலும் ஒரு சரைக் கச்சான். இதைச் சொல்வதற்குக் காரணம், சத்தமெல்லாம் படத்தில் வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று இரண்டு மூன்று இடங்களில் குழம்பினேன்.

2006இல் எனக்கு இருபத்திரண்டு வயது. அப்போது எங்கள் பிழைப்பு அடையாள அட்டைப் படத்தில்தான் ஓடியது. அட்டைக்குப் படம், கடலுக்குப் போகும் அனுமதிக்குப் படம், வெளிநாடு போக வழி தேடுபவருக்குப் படம். கல்யாண வீட்டு ஓடர் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிய காரியம். அந்த நாட்களில் வடக்குக் கிழக்கில் கொடுத்த அடையாள அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. மற்ற மாவட்டங்களில் சிங்களம் மட்டும். 2014இல்தான் எல்லோருக்கும் இரண்டு மொழியும் வந்தது. அதனால் கொழும்பில் அட்டையை நீட்டினால், பெயரை வாசிக்கும் முன்பே எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரிந்துவிடும். படத்தில் ரயில் மேடையில் கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கும் அகதிகளைக் கடந்து தியோ வேலைக்குப் போவாரே, அந்த நடையைப் பாருங்கள். கூண்டுப் பக்கம் திரும்பாமல் போகிறார். கொழும்புக் கோட்டையில் எங்களை ஒரு பக்கமாக நிறுத்தி வைத்திருந்தபோது எங்களைக் கடந்து போனவர்களின் நடையும் அதுவேதான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் பிந்தினால் அவர்களுக்கும் சம்பளத்தில் வெட்டு.

ஜூன் 9

இன்னொன்று விட்டுவிட்டேன். கீயைக் கடற்கரைக்குக் கொண்டுபோகத் தியோ தன் மச்சான் முறைக்காரரிடம் அனுமதிப் பத்திரம் கேட்கிறார். கிடைப்பது இருவர் சேர்ந்து போகும் பத்திரம். தனியாக அவள் போக முடியாது, ஆகவே இவரும் கூடப் போக வேண்டியதாகிறது. கதையின் நாயகன் நாயகனாவது துணிச்சலால் இல்லை, பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்ததால். இதை எழுதியவர் ஏதோ ஒரு கந்தோரில் நாள் முழுக்கக் காத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 9, சற்றுப் பிறகு

மச்சான் முறை என்று எழுதியது பிழை. அந்த நைஜல் தியோவின் ஒன்றுவிட்ட சகோதரர். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். எங்களுக்கென்றால் அப்பா வழியா, அம்மா வழியா, அத்தை பிள்ளையா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. படத்தில் அது சொல்லப்படவே இல்லை. மச்சானாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 13

கண்ணாடியில் இரத்தம் பட்டதைப் பற்றிக் கேட்டவருக்கு.

முகாம் சண்டைக் காட்சி ஆறு நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் ஓடுவதுபோல வரும். நடுவில், பஸ்ஸுக்குள், இரத்தத் துளிகள் லென்ஸில் தெறித்து அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. அது திட்டமிட்டதில்லை. குவாரோன் நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அதே கணத்தில் ஒரு வெடி வெடித்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கமரா போய்க்கொண்டே இருந்தது. ஒளிப்பதிவாளர் எம்மானுவேல் லுபெஸ்கிதான் அதை வைத்திருக்க வேண்டும் என்று நின்றாராம். கொஞ்ச நேரம் கழித்துத் துளிகள் சத்தமில்லாமல் காணாமல் போவதைக் கவனியுங்கள். கணினியில் துடைத்திருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் லென்ஸில் ஒரு தூசி இருந்தால் வாடிக்கையாளர் காசு தர மாட்டார். அதனால் முதல் தடவை பார்த்தபோது கை தானாகவே சட்டை நுனிக்குப் போனது, துடைப்பதற்கு.

உண்மையில் எனக்குப் பிடித்த ஒளிப்பதிவு சண்டையில் இல்லை. ஜாஸ்பர் என்ற கிழவரின் வீட்டில் கமரா ஒரு சுற்றுச் சுற்றும். பழைய படங்கள், பத்திரிகைத் துண்டுகள், பரிசுகள். அவருடைய மனைவி பத்திரிகையாளராக இருந்தது, அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது, இப்போது பேச்சில்லாமல் சக்கர நாற்காலியில் இருப்பது, எல்லாம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. யாரும் வாயால் சொல்வதில்லை. ஸ்டூடியோவில் அப்பாவின் பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறது. காசு கட்டிவிட்டு வாங்க வராதவர்களின் பாஸ்போட் சைஸ் படங்கள். நான்கு நான்காக, சின்னக் கடித உறையில், அப்பாவின் பென்சில் எழுத்தில் திகதியோடு. 2006 ஏப்ரல், 2006 ஓகஸ்ட் என்று திகதியுள்ள உறைகள் மற்ற ஆண்டுகளைவிடக் கூட. ஏன் வரவில்லை என்று அப்பா விசாரித்ததும் இல்லை, எறிந்ததும் இல்லை. நானும் அப்படியே.

ஜூன் 14

மானைப் பற்றி இவ்வளவு பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை. கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்தின் நடைபாதையில் ஒரு மான் நடந்து போகும் காட்சி: இயற்கை திரும்பி வருகிறது, தூய்மை, நம்பிக்கை, இன்னும் என்னென்னவோ. வெளிநாட்டில் இருப்பவர்கள் அப்படி எழுதுங்கள், தடுக்கவில்லை. பிரெட்ரிக் கோட்டையிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் மானோடு வாழும் எங்களுக்கு அந்தக் காட்சியில் ஒரேயொரு கேள்விதான் எழும்: அந்தப் பள்ளிக்கூடத்தில் அது எதைத் தின்னப் போகிறது? போன ஆண்டு கடை வாசலில் வைத்த தள்ளுபடி அறிவித்தலை ஒரு கிளைமான் கிழித்து, மென்று, ‘சாமத்தியவீடு, முதலாம் பிறந்தநாள்’ என்ற வரி வரைக்கும் தின்றுவிட்டுப் போனது. ‘அடையாள அட்டைப் படம் உடனடியாக’ என்ற அடி வரி மட்டும் மிஞ்சியது.

ஜூன் 21

கனடாவில் இருக்கும் அண்ணன் ஒருவர், படம் கடலில் முடிகிறது என்று நான் வேறோர் இடத்தில் எழுதியதைப் பிடித்துக்கொண்டார். கப்பல் தெரிந்ததும் நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது, திரை கறுப்பான பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். கறுப்புத் திரை வந்ததும் புரொஜெக்டர் விளக்கை அணைத்துவிட்டேன். அந்த விளக்கின் விலை அப்படி.

ஜூன் 22

கேட்டேன்.

பிள்ளைகள் சிரித்து விளையாடும் சத்தம். ஒரு பிள்ளை இல்லை, ஒரு கூட்டம். முகமே காட்டுவதில்லை. எழுத்துகளெல்லாம் ஓடிய பிறகு ‘சாந்தி, சாந்தி, சாந்தி’ என்று வருகிறது. படத்தில் ஜாஸ்பரும் அந்தச் சொல்லைச் சொல்வார். நான் அதைக் கிழவரின் கஞ்சாப் பேச்சு என்று விட்டிருந்தேன்.

கப்பலின் பெயரைப் பற்றியும் ஒன்று. ‘நாளை’ என்று பெயர். பனிமூட்டத்தில் ஒரு மிதவைக்குப் பக்கத்தில் சிறு படகை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். நகரத்துக்கும் மூதூருக்கும் இடையிலுள்ள கொட்டியாரக்குடாவைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரைக்கும் மூதூர்ப் பக்கத்து மக்களுக்கு நகரம் என்பதே லோஞ்ச் வந்தால்தான். லோஞ்ச் வராத நாட்களில் துறைமுகத் தட்டில் பையின் மேல் உட்கார்ந்து, வரும், வராது என்று தர்க்கித்துக்கொண்டிருப்பவர்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ‘நாளை வரும்’ என்று அறிவிப்பார்கள். படத்தின் எழுத்தாளர் அந்த அறிவிப்பைக் கப்பலுக்கே பெயராக வைத்துவிட்டார்.

ஜூன் 26

இன்று ஒரு கணக்குப் பார்த்தேன், சிரிப்பதற்காகத்தான்.

படம் தொடங்குவது 2027 நவம்பர் 16ஆம் திகதி. உலகின் ஆகக் குறைந்த வயதுள்ள மனிதன், தியேகோ, இறந்துவிட்டதாகச் செய்தி. வயது 18 ஆண்டு, 4 மாதம், 20 நாள், 16 மணித்தியாலம், 8 நிமிடம். பின்னோக்கி எண்ணினால் 2009 ஜூன் 26 அளவில் வருகிறது. அதாவது அந்த உலகத்தில் இன்றைக்கு அவனுக்குப் பதினாறு. எங்கள் நாட்டில் பிறந்திருந்தால் இந்த வயதளவில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்திருப்பான், அவனுக்குப் பின் யாரும் வரமாட்டார்கள். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு எடுக்கும் படம் நின்று பதினாறு ஆண்டு, முதல் பிறந்தநாள் நின்று பதினைந்து ஆண்டு, ஏடு தொடக்கும் படம் பதின்மூன்று ஆண்டுக்கு முன். சாமத்தியவீட்டு அல்பம் போன ஆண்டோடு சரி. கல்யாணம் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். அதற்குப் பிறகு மரண அறிவித்தலுக்குப் பெரிதாக்கிய படம் மட்டும். உலகம் அழிவதைப் படம் துப்பாக்கியால் காட்டுகிறது. என்னிடம் கேட்டிருந்தால் ஒரு ஸ்டூடியோவின் ஓடர் புத்தகத்தால் காட்டியிருப்பேன்.

இலங்கையில் 2019இல் மூன்று இலட்சத்துக்கு மேல் பதிவான பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. ஓடர் புத்தகத்தில் அதுவும் தெரிகிறது. இப்போதைக்கு மான் தின்றது சரியான வரியைத்தான்.

ஜூன் 27

நாவலில் எப்படி என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: பி.டி. ஜேம்ஸ் 1992இல் எழுதியது. அதில் மலட்டுத்தன்மை ஆண்களுக்கு, படத்தில் பெண்களுக்கு. கடைசிப் பிறப்பு நாவலில் 1995. பிள்ளை பெறுபவள் அங்கே ஜூலியன் என்ற ஆங்கிலேயப் பெண். குவாரோன் ஜூலியனைத் தொடக்கத்திலேயே சாகவிட்டு, பிள்ளையை ஆபிரிக்க அகதிப் பெண்ணின் வயிற்றில் வைத்தார். படத்தின் மற்ற எல்லாக் கெட்டித்தனத்தையும் விட இந்த ஒன்று எனக்குப் பெரிது.

ஜூலை 2

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நேற்று முன்தினம் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அடையாள அட்டைப் படம். பொடியன் உயரம், மேல் உதட்டில் மயிர் அரும்பியிருக்கிறது, அதை நனைத்துச் சீவிக்கொண்டு வந்திருக்கிறான். ரசீதுக்காகப் பெயரைப் பார்க்கத் தாய் நீட்டிய பிறப்புச் சான்றிதழை வாங்கினேன். பிறந்தது 2009 ஜூன். பிறந்த இடம் செட்டிகுளம்.

இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு: 2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்தவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் செட்டிகுளத்தில், முட்கம்பிக்குள், கூடாரங்களில் வைத்திருந்தார்கள். அந்த ஜூனில் அங்கே பிறந்தவன் என்றால், மேயில் அவன் எங்கே, எந்த நிலையில் இருந்தான் என்பதை விரல் விட்டு எண்ணலாம். தாய் கதிரையில் உட்கார்ந்து, மகனின் கொலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாடியைக் கொஞ்சம் இறக்கு தம்பி, வாயை மூடு, நேராகப் பார் என்றேன். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டான்.

உப்புவெளி நண்பரே, உங்கள் கேள்விக்கு அப்போதுதான் என்னிடம் ஒரு பதில் வந்தது. படத்தில் துப்பாக்கி நிற்கிறது, ஏனென்றால் அங்கே அது ஒரேயொரு பிள்ளை. பதினெட்டு ஆண்டுகளாக எவரும் கேளாத குரல். எங்களிடம் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பதுங்கு குழிக்குள் அழுதார்கள், வரிசையில் அழுதார்கள், கூடாரத்தில் இராமுழுக்க அழுதார்கள். நிறைய இருப்பதன் அழுகைக்கு யார் காது கொடுக்கிறார்கள்? ஆகவே நீங்கள் சொன்னது சரி. என் ஜூன் 7 மறுப்பை மீளப் பெறுகிறேன்.

ஜூலை 3

‘அப்படியென்றால் ஒரு தடவைகூட எவரும் நிறுத்தியதே இல்லையா?’ என்று கேட்டு உப்புவெளிக்காரர் இப்போது மறுபக்கம் போய்விட்டார். நான் அவர் பக்கம் வந்ததும் அவர் என் பக்கம் வந்துவிட்டார். இருவரும் வழியில் சந்திக்கவே இல்லை.

ஜூலை 19

அவர் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்று நினைவுக்கு வந்தது. வீரக் கதை எதுவும் இல்லை, சொன்னால் சிரிப்பீர்கள்.

2006 இறுதியில் எங்கள் பகுதியிலிருந்து நகரத்துக்குள் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. காலையில் வரிசை ஒன்றரை மணித்தியாலம் நிற்கும். பையைக் கொட்டிக் காட்ட வேண்டும், அட்டையைக் காட்ட வேண்டும். ஆனால் கைக்குழந்தையோடு வரும் பெண்களை முன்னால் வரவிடுவார்கள். அது எழுதாத சட்டம். அக்காவின் மகனுக்கு அப்போது ஒரு வயதும் சில மாதமும். அக்கம்பக்கத்தில் அவசர வேலை இருக்கிற பெண்கள் அவனை இரவல் வாங்கத் தொடங்கினார்கள். வங்கிக்குப் போகிறவர் கொண்டுபோவார். மறுபக்கத்தில் என் மாமி காத்திருந்து பிள்ளையை வாங்கி, திரும்பி வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். திரும்பும் வழியில் வரிசை இல்லை. ஒரு காலையில் மூன்று பெண்கள், மூன்று தடவை, ஒரே பிள்ளை, ஒரே சிவப்புப் பின்னல் தொப்பி. ஒவ்வொரு தடவையும் சரியாகச் சாவடிக்கு முன்னால் அழுவான், யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல.

மூன்றாவது தடவை, அங்கே நின்ற இளம் சிப்பாய் தொப்பியைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். அரைகுறைத் தமிழில் ‘இந்தப் பேபிக்கு எத்தனை அம்மா?’ என்று கேட்டுவிட்டுச் சிரித்து, கன்னத்தைத் தட்டி, போகவிட்டான். கொண்டுபோனவருக்குக் கால் நடுங்கி, வங்கியில் கையெழுத்துச் சரியாக வரவில்லையாம். தெரிந்துகொண்டே விட்டான் என்பதுதான் எங்கள் வீட்டில் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லப்படும் கதை.

ஆகவே ஜூலை 2 பதிலில் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை என்ன செய்வது என்று யோசித்துச் சொல்கிறேன்.

ஜூலை 20

அக்கா வாசித்துவிட்டுத் தொலைபேசியில் ஒரு பிடி பிடித்தார். கதையில் பிழையாம். மகன் அன்று இரண்டு தடவைதான் போனானாம். இரண்டாவது தடவைக்குப் பிறகு காய்ச்சல் காய்ந்ததால் கொடுக்கவில்லையாம். மூன்றாவது தடவை போனது எதிர்வீட்டுப் பெண்பிள்ளை. காற்றுப் படும் என்று அதற்கு மகனின் சிவப்புத் தொப்பியைப் போட்டுவிட்டது அக்காவேதான்.

அப்படியென்றால் அந்தச் சிப்பாய் என்ன தெரிந்துகொண்டு விட்டான் என்று கேட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, தொப்பி இன்னும் திரும்பி வரவில்லை என்றார்.